பத்து எண்ணுவதற்குள்

பிப்ரவரி 10

மாஸ்டர் அவர்களுக்கு,

ஊரே உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போகிறேன். 'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை.

தங்கை வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நாலு நாளாக நீங்கள் போன் செய்கிறீர்கள், நான்தான் எடுக்கவில்லை. போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன். முப்பத்தெட்டு வருஷம் கொட்டியாயிற்று. கடிதத்தில் யாரும் குறுக்கே புகுந்து என்னை நிறுத்த முடியாது.

சனிக்கிழமை நடந்ததை உங்களுக்குத் தோதாக எல்லோரிடமும் சொல்லியிருப்பீர்கள். என் வாயாலும் கேளுங்கள். உங்கள் பயிற்சி வகுப்பு நடக்கிற கூடத்தில் என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். தரையில் படுத்துச் செய்கிற பயிற்சி முடிந்ததும் விசில் ஊதினீர்கள். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு வைத்த அதே சட்டம்தான் எங்களுக்கும்: பத்து எண்ணுவதற்குள் எழுந்திருக்காவிட்டால் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், பதிவேட்டில் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் பெருக்கல் குறி. மற்றவர்கள் எப்படியோ எழுந்துவிட்டார்கள். நான் முழங்காலை ஊன்றினேன், உயிர் போயிற்று. கையை ஊன்றினேன், தோள் தாங்கவில்லை. தையல்கார அம்மா கை கொடுக்க வந்தார். "யாரும் தொடக்கூடாது, அவளே எழுந்திருப்பா" என்று அவரைத் தடுத்தீர்கள். பிறகு என் தலைக்கு மேலே நின்றுகொண்டு எண்ணினீர்கள். ஏழு வந்ததும் "நடிக்காதே" என்றீர்கள். பத்து முடிந்தும் நான் கையும் காலும் ஊன்றியபடியே இருந்தேன்.

எக்ஸ்ரே எட்டு மாசமாக பிரிட்ஜ் மேலே கிடக்கிறது. டாக்டர் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டியதே நீங்கள்தான். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, வலது தோள் இறுகிவிட்டது. படித்துக் காட்டியவருக்கு நான் நடிக்கிறேனா இல்லையா என்று தெரியாதா?

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். என்னை நடிக்கிறவள் என்று சொன்னது தப்பு என்று, அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால் சொல்லுங்கள். அதுவரை நான் வரப்போவதில்லை.

இப்படிக்கு,
பத்து எண்ணியும் எழுந்திருக்காதவள்


பிப்ரவரி 16

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது.

முப்பத்தொரு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். ஆளுக்கொரு சட்டம் வைத்து ஒரு நாளும் வகுப்பு நடத்தியதில்லை. மனைவி என்பதற்காக உன்னை விட்டிருந்தால் மற்றவர்கள் வாயில் விழுந்திருப்பேன். இதைக்கூடப் புரிந்துகொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாய். "அம்மா எங்க?" என்று கேட்காத ஆள் இல்லை.

என் அண்ணனை நினைத்துப் பார். "முடியலடா" என்று கட்டிலில் சாய்ந்தவர் மூன்று வருஷம் எழுந்திருக்கவே இல்லை. அவர் முதுகுப் புண்ணைத் துடைத்துவிட்டது இந்தக் கைதான். 'முடியல' என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் வருகிறது. பயம் வந்தால் கத்துவேன், இது உனக்குத் தெரியாத சங்கதியா? நீ முன்பு கேட்டது போல நாற்காலியில் உட்கார்ந்து கையை ஆட்டுவது என் அகராதியில் உடற்பயிற்சி ஆகாது. உடம்புக்கு இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும்.

அத்தனை பேர் முன்னால் நான் தப்பு என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்ன பிறகு விசிலை எந்த முகத்தோடு ஊதுவது?

இங்கே ஒரு குறையும் இல்லை. சமைக்கிறேன், துவைக்கிறேன். வகுப்புக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு போகிறேன். ஷூ என்னாயிற்று என்று நம் வகுப்புக்கு வருகிற தபால்காரர் கேட்டார். ரிட்டையர் ஆகியும் அந்த மனிதருக்கு ஊர் விவகாரம் விடவில்லை. காலுக்குக் காற்று வேண்டாமா என்று சொல்லி வைத்தேன்.

கோபம் தணிந்ததும் வந்து சேர்.

உன் கணவன்


பிப்ரவரி 23

மாஸ்டர் அவர்களுக்கு,

காலுக்குக் காற்று வேண்டுமாம். நல்ல கதை.

ஷூ ஏன் போடவில்லை என்று தபால்காரருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாலு வருஷமாக உங்களுக்கு இடுப்பு வளையவில்லை. டிஸ்க் நழுவி ஆறு வாரம் படுத்தீர்களே, அன்றிலிருந்து. "யாருக்கும் தெரியக்கூடாது, வகுப்பு போயிடும்" என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கீழே உட்கார்ந்து செய்வதையெல்லாம் தபால்காரரை விட்டுச் செய்து காட்டச் சொல்வீர்கள். அவர் ஏதோ தனக்குப் பெருமை கிடைத்தது என்று செய்வார். நான் அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வாரம் இரண்டு நாள், காலையில் ஆறு மணிக்கு, நீங்கள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார, உங்கள் ஷூவுக்கு லேஸ் கட்டியது யார்? தேய்ந்த முழங்காலைத் தரையில் ஊன்றி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தது யார்? அப்போதெல்லாம் நீங்கள் எண்ணவில்லையே. லேஸைக் கட்டிக்கொண்டு போய், நான் கட்டிவிட்ட அதே ஷூவோடு என் தலைமாட்டில் நின்று பத்து எண்ணினீர்கள். நடிக்காதே என்றீர்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உங்களுக்கு வந்தும் தெரியவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது.

இங்கே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறையில் வயதானவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. தங்கை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். நடத்துகிற பெண்ணுக்கு நம் மகள் வயதுகூட இருக்காது. விசில் இல்லை. முதல் நாள் அந்தப் பெண் கேட்டது ஒரே கேள்வி: "அம்மா, உங்களால என்ன செய்ய முடியணும்னு ஆசைப்படறீங்க?" எந்த டாக்டரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "தரையிலிருந்து யாரும் எண்ணாம எழுந்திருக்கணும்" என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

அதற்குத்தான் இப்போது எல்லாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறாள், நழுவாமல் இருக்க. அதன்மேல் கம்பளியை மடித்து வைத்து உயரமாக்குகிறாள், அப்போது முழங்கால் அதிகம் மடங்க வேண்டாம். உட்காரு, எழுந்திரு, எட்டுத் தடவை. போன வாரம் இரண்டு மடிப்பு, இந்த வாரம் ஒன்று. தோளுக்கு, துண்டைச் சுவரில் வைத்துக் கையால் மேலே தள்ளிக்கொண்டு போவது. வலித்தால் அங்கேயே நிறுத்தி, அதற்கு ஒரு விரல்கடை கீழே செய்யச் சொல்கிறாள். சோம்பேறிகள் செய்கிற காரியம் இல்லை இது. முடிந்ததும் என் தொடை இரண்டும் ஆடுகிறது, வந்து பாருங்கள்.

எழுந்திருக்கிற வித்தையும் சொல்கிறேன், உங்களுக்குத்தான் அதிகம் உதவும். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, குழந்தை தவழுகிற மாதிரி வர வேண்டும். முழங்காலுக்கு அடியில் மடித்த துண்டு. நாற்காலி வரைக்கும் தவழ்ந்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, இரண்டில் கொஞ்சம் நல்ல காலை முன்னால் ஊன்றி, மூச்சு வாங்கிவிட்டு எழுந்து, திரும்பி அதிலேயே உட்கார வேண்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இன்னும் வரவில்லை. பாதியில் நிற்கிறேன்.

நான் கேட்டது கேட்டதுதான். மாறவில்லை.

இப்படிக்கு,
லேஸ் கட்டியவள்


மார்ச் 1

லேஸ் விஷயத்தை உன் தங்கையிடம் சொன்னாயா? அவள் புருஷனிடம் சொன்னாயா? சொல்லியிருந்தால் இந்த ஊரில் நான் தலைகாட்ட முடியாது. அவ்வளவுதான் கேட்க வந்தேன். துண்டு, கம்பளி, தவழுவது எல்லாம் நீயே வைத்துக்கொள்.

தையல்கார அம்மாவும் நேற்று நாற்காலி கேட்டாள். நீ மூட்டிய தீதான். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.


மார்ச் 21

அன்புள்ள உனக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால்தான் ஆச்சரியம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதி வகுப்புக்கு நாலு பேர்தான் வந்தார்கள். பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் சாவி கை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. குனிய முடியவில்லை. காலால் நகர்த்திப் பார்த்தேன், படிக்கு அடியில் போய்விட்டது. சொந்த வீட்டு வாசலில் இருபது நிமிஷம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகிற வருகிறவர்களுக்கு வணக்கம் வேறு சொன்னேன், யாரையோ எதிர்பார்த்து நிற்கிற மாதிரி.

தையல்கார அம்மா அந்தப் பக்கம் வந்தாள். பார்த்ததும் விளங்கிவிட்டது அவளுக்கு. குடைக் கம்பியால் சாவியை வெளியே இழுத்து, படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

"எத்தனை நாளா மாஸ்டர் இப்படி?"

"நாலு வருஷமா."

"அப்ப இத்தனை நாளும் அம்மாதான் குனிஞ்சாங்களா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்மேலேயே அவ்வளவு கோபம் வந்தது. உன் மூன்று பக்கக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் தடவை அதில் திட்டு மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது.

சனிக்கிழமைக்கு எல்லோரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். வரிசையில் நிற்கச் சொல்லவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "என் மனைவி நடிக்கலை. அவளை அப்படிச் சொன்னது என் தப்பு. நாலு வருஷமா உங்க முன்னாடி நடிச்சது நான்தான்" என்றேன். லேஸ் கதையையும் சொன்னேன். தபால்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

பிறகு தரையில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீ எழுதியபடியே ஒருக்களித்து, தவழ்ந்து, நாற்காலியைப் பிடித்தேன். தபால்காரர் பழக்க தோஷத்தில் "ஒண்ணு" என்று ஆரம்பித்தார். தையல்கார அம்மா "சும்மா இருங்க" என்று ஒரு அதட்டல் போட்டாள். மனதுக்குள் நான் எண்ணினேன். எழுந்து உட்காரும்போது அறுபத்து மூன்று.

பதிவேட்டில் உன் பெயருக்கு எதிரே உள்ள பெருக்கல் குறியை அழிக்கப் பார்த்தேன். தாள் கிழிந்ததுதான் மிச்சம். அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டேன்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். வருகிறாயா? வா என்று சொல்லவில்லை, கேட்கிறேன்.

உன் கணவன்


மார்ச் 29

அன்புள்ள மாஸ்டருக்கு,

இந்தத் தடவை பேனா ஓடியது.

அறுபத்து மூன்று என்று படித்ததும் சிரித்துவிட்டேன். தங்கை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிஷமே கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு அறுபத்து மூன்று, எனக்குப் பத்து. இதை நான் சாகிறவரை சொல்லிக்காட்டுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

லேஸ் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம்கூட இல்லை. நீங்கள் அப்படிக் கேட்டு எழுதியதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை எனக்கு எழுந்திருக்க வந்துவிட்டது. துண்டு, நாற்காலி, நல்ல கால் எல்லாம் சரியாக அமைந்தது. எத்தனை எண்ணிக்கை ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள், நான் வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடாதென்று.

இத்துடன் ஒரு பார்சல் வரும். லேஸ் இல்லாத ஷூ. நின்றபடியே காலை நுழைத்தால் போதும். உங்கள் அளவு எனக்குத் தெரியும், கடைக்காரரே அசந்து போனார். இனிமேல் உங்கள் காலடியில் நான் உட்காரப் போவதில்லை, முழங்கால் சரியானாலும் சரி.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நேராகக் கூடத்துக்குத்தான். எல்லோரும் பார்க்கத் தரையில் உட்காருவேன், எல்லோரும் பார்க்க எழுந்திருப்பேன். அதுவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, விசில் வீட்டிலேயே இருக்கட்டும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவதா, திரும்ப பஸ் ஏறுவதா என்று அங்கேயே சொல்கிறேன்.

பெட்டியையும் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். அதை வைத்து நீங்களாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி