உளுந்து தெளிக்காத வயல்

மாசி 12, திங்கள்

நான் வயலைத் தரிசாகப் போட வைத்தது தம்பி அதில் வண்டி ஓட்டத்தான் என்று இன்று அப்பாவிடம் சொல்லவில்லை.

மேடு பள்ளத்தில் பைக்கைக் குதிக்கவிட்டு ஓட்டும் மோட்டோகிராஸில் ஜிம்மைவிடக் கலோரி அதிகம் செலவாகும் என்று எங்கோ படித்ததை மார்கழியில், ஜிம்மே கதியென்று கிடக்கும் தம்பி செந்திலிடம் சொன்னேன். "உக்காந்து ஓட்டுறதுக்கு என்னக்கா கலோரி?" என்று சிரித்தான். எனக்கு ரோஷம்; அவனை ஓட்ட வைத்து நிரூபிக்க ஒரு காலி வயல் வேண்டும். சம்பா அறுப்புக்கு முன் நிற்கும் நெல்லுக்குள்ளேயே ஊரே உளுந்து தெளித்தபோது, "மண்ணுக்கு இந்த வருஷம் ஓய்வு குடுங்கப்பா" என்றேன். படித்த பெண் சொல்கிறாள் என்று அப்பா நம்பினார்.

நேற்று செந்தில் நண்பனுடைய வண்டியில் அரை மணி நேரம் எங்கள் வயலில் வரப்பேறிக் குதித்தான். ஓட்டும்போது சீட்டில் உட்காரவே முடியவில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டினான். ஜிம்மில் அரை மணிக்கு நூற்றெண்பது கலோரி, வயலில் இருநூற்றைம்பது. "நீதான் ஜெயிச்ச. ஜிம் மாஸ்டர்ட்ட சொல்லிடாத."

எங்கள் வயலுக்குச் சொந்தமான கோயிலின் அதிகாரிகள் இன்று குத்தகை நிலங்களைப் பார்க்க வந்தார்கள். சுற்றிலும் உளுந்துப் பச்சை. எங்கள் வயலில் மட்டும் டயர் தடம்.

"வண்டி விடவாய்யா குத்தகை குடுத்தது?"

சாகுபடி இல்லை, குத்தகை ரத்து என்று எழுதினார்கள். தாத்தா போராடி வாங்கிய குத்தகை.

"யார்றா ஓட்டச் சொன்னது?" என்றார் அப்பா.

செந்தில் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"நானாத்தாம்பா ஓட்டுனேன்."

"இனிமே என் மொகத்துல முழிக்காத."

சாயங்காலம் நீடாமங்கலத்தில் ரயிலேறிப் போய்விட்டான்.