கோல் அடிக்காதவன் பெயரில் ஒரு கிண்ணம்

இன்றைய போட்டிக்கென்று விளையாட்டுப் பையைத் திறந்தேன். நீ விட்டுப்போன கால் காப்புகளில், அந்த ஷின் கார்டுகளில், இன்னும் நோவெண்ணெய் மணம். உன் முழங்காலுக்கென்று என் மனைவி தந்த எண்ணெய். "அண்ணை, இதைப் பூசினால் ஒருத்தரும் கிட்ட வரமாட்டினம்" என்று முறைப்பாடு சொல்லிக்கொண்டே போத்தலை முடித்தவன் நீ. உன்னைவிட இளையவனையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவாய்.

பைக்குப் பக்கத்தில் உன் பெயர் பொறித்த கிண்ணம் இருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உனக்குத் தமிழ் வாசிக்க வராது, தெரியும். இருந்தாலும் கேள்.

எங்கள் சனத்தில் ஒரு விளையாட்டுக்காரர் இறந்துபோனால் அடுத்த கோடையில் அவர் பெயரில் ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம் வந்துவிடும். பிரான்சிலிருந்து வந்த வெள்ளைக்காரனுக்கும் வைப்போம் என்றபோது முதலில் கை தூக்கியவன் நான்தான். நேற்று பார்க் எக்ஸ்டென்ஷனில் பெயர் பொறிக்கும் கடைக்கு அதை எடுக்கப் போனேன். உன் பெயருக்குக் கீழே பொறித்திருந்தார்கள்: 'அதிக கோல் அடித்த வீரருக்கு.'

கடை வாசலில் நின்றே எங்கள் உதைபந்தாட்டக் கழகத் தலைவருக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை, அந்த மனுசன் வாழ்நாள் முழுக்கக் கோல் விழாமத் தடுத்தவன். அவன்ர பேரில கோல் அடிச்சவனுக்குக் கப்போ?"

"எல்லாக் கப்பும் அப்பிடித்தானே குடுக்கிறம். தடுத்ததை என்னெண்டு எண்ணுறது? ஆர் கை தட்டுவினம்?"

"எண்ணேலாது எண்டால் இல்லையெண்டு ஆகுமோ?"

"விடியப் போட்டி. இப்ப வந்து விசர்க்கதை கதையாத. கப்பைக் கொண்டு வா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கை தட்டல் கேட்டா நீ விளையாடினாய்?

சென்ட் லோரன்ட் கிடங்கில் நாம் ஒன்றாகப் பெட்டி ஏற்றிய காலம். பிரான்சில் முழங்கால் கைவிடும்வரை தொழில்முறையாகப் பந்தடித்தவன் என்று நீ மூச்சே விடவில்லை. யாரோ சொல்லி, இணையத்தில் தேடினேன். அத்தனை வருட விளையாட்டில் அங்கே கிடந்தது ஒரே ஒரு காட்சி: பந்து உன் காலில் பட்டு உன் அணியின் வலைக்குள்ளேயே போகிறது. சாப்பாட்டு நேரத்தில் அதைக் காட்டினேன். என் புட்டில் பாதியைச் சாப்பிட்டபடி நீ சிரித்தாய். பிரெஞ்சில் தொடங்கி எங்கள் தமிழில் முடித்தாய்: "பேப்பரில என்ர பேர் வராத நாள்தான், அண்ணை, நான் நல்லா விளையாடின நாள்."

பிரான்சே கொண்டாடிய, கோல் அடிக்கும் ஒரு முன்வரிசைக்காரனை ஒரு போட்டி முழுக்க அசையவிடாமல் வைத்திருந்தாயாம். மறுநாள் பேப்பரில் அவன் களைத்துப்போயிருந்தான் என்று எழுதினார்கள். "அவன் களைக்கேல்ல. நான்தான் களைச்சனான்" என்றாய்.

நான் கோல் கீப்பர். உன் முகத்தைவிட உன் முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். லாசால் மைதானத்தில் நீ எங்கள் கழகத்துக்கு ஆடிய இறுதிப்போட்டியில் எதிரணிப் பெடியன் தனியே பந்தோடு பறந்து வந்தான். உனக்கும் எனக்கும் பின்னால் வலை மட்டும்தான். சறுக்கி விழுந்து பறி என்று வெளியே எல்லோரும் கத்தினார்கள். நீ விழவில்லை. அவனுக்கு முகம் கொடுத்தபடி பின்னால் பின்னால் வந்து, அவனை மெல்ல ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாய். கடைசியில் அவனே பந்தைக் கோட்டுக்கு வெளியே விட்டான். ஒலிபெருக்கியில் "பந்து வெளியே" என்று மட்டும் சொன்னார்கள். உன் பெயரைச் சொல்லவே இல்லை.

"விழுந்தால் முடிஞ்சுது, அண்ணை. நிக்கவேணும். அவன் பிழை விடுவான்" என்று நீ மூச்சு வாங்கினாய்.

போன மாரிக் குளிரில் உன் இதயம் நின்றது. செய்தி வந்ததும் சிலர் செய்த முதல் வேலை, அந்தச் சொந்த வலைக் காட்சியை ஆளுக்காள் அனுப்பியதுதான். இப்போது இந்தக் கிண்ணம். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதனால் நேற்றுக் கடையிலேயே அந்த வரியை அழிக்கச் சொன்னேன். "சுரண்டினால் தழும்பு தெரியுமே, அண்ணை" என்றார் கடைக்காரர். தெரியட்டும் என்றேன். தழும்பின் மேல் புதிதாகப் பொறித்து வாங்கினேன்: 'கடந்து போக விடாதவருக்கு.' யாருக்கு என்று கோல் கீப்பர்கள் நாங்கள் சொல்வோம். எங்களுக்குத்தான் அது தெரியும்.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். தலைவர் கிண்ணத்தை எடுக்க வந்துவிட்டார். வரியை மாற்றியதைக் கடைக்காரர் அவருக்குச் சொல்லிவிட்டார் போல. படியேறும்போதே கத்துகிறார்: "எங்க, கப்பைத் தா! அதைக் கடையில குடுத்து மற்றக் கப் ஒண்டு வாங்குவம்!"

உன் ஷின் கார்டுகளைக் காற்சட்டைக்கு மேலாலேயே கட்டிக்கொண்டேன். மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். கிண்ணம் எனக்குப் பின்னால், மேசையில். கதவைத் திறந்து வாசலில் காலை அகட்டி நிற்கிறேன்.

விழமாட்டேன். அவர் கடந்து போகட்டும், பார்ப்போம்.