களத்துமேட்டில் குடியிருப்பு இல்லை

பிங்கள வருஷம், ஆனி 3. வெள்ளி.

விடிந்ததுமே வெயில். நான் சொல்லச் சொல்ல என் மகள் சரோஜா எழுதுகிறாள். எனக்கு எழுத்து கிடையாது, கைநாட்டுதான். ஞாபகம் மட்டும் போகவில்லை. வேறு யாரும் படிப்பதற்கு இல்லை இது.

புது பஸ் இன்றைக்கும் எங்கள் வேப்பஞ்சேரியில் நிற்கவில்லை. புருஷன் போன பிறகு சரோஜாவுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் போல்ட் கம்பெனி வேலைதான் சோறு. மூன்று மைல் நடந்து போய் லேட். மேஸ்திரி சொன்னானாம், "இன்னொரு நாளு லேட்டா வந்தேன்னா அப்பிடியே ஊட்டுக்குப் போய்க்கினே இரு."

அந்த பஸ் ஓடுகிற புது ரோட்டுக்குப் போனது: என் முக்கால் காணி, நாலு பனை, கிணற்றில் பாதி. பஸ் வரும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். வருகிறது. தூசி போட்டுவிட்டுப் போகிறது.

ஆனி 4. சனி.

பஸ் ஆபீஸ். இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். குமாஸ்தா ஒரு படத்தை விரித்தான். பட்டணம் இவ்வளவு தூரம் வளரப்போகிறதாம், எங்கே ரோடு, எங்கே பஸ், எல்லாம் அதில் இருக்கிறதாம்.

"பெரியவரே, வேப்பஞ்சேரின்னு ஒரு ஊரே இதுல இல்லியே. களத்துமேடுன்னு கீது. குடியிருப்பு இல்லைன்னு போட்டுகீறாங்க."

"இருநூறு ஊடு கீதுபா."

"இல்லாத ஊருக்கு நான் எப்பிடி ஸ்டாப்பு குடுக்கறது? களத்துமேட்டுல ஜனங்க கீறாங்கன்னு கர்ணம் எழுதிக் குடுத்தா பாக்கலாம்."

திரும்பி வரும்போதுதான் பொறி தட்டியது. போன வருஷத்துக்கு முந்தின தை. களத்தில் மாடு கட்டிப் போரடித்துக்கொண்டிருந்தேன். ஜீப்பில் ஒரு சர்வேக்காரன் வந்தான், வெள்ளைத் தொப்பி, காதில் பென்சில். இரண்டு சொம்பு மோர் குடித்தான்.

"இது என்ன இடம் பெரியவரே?"

"களத்துமேடு சார்."

"இங்கே ஜனங்க குடியிருக்காங்களா?"

நான் சிரித்தேன். "களத்துல எவன் சார் குடியிருப்பான்?"

எழுதிக்கொண்டு போய்விட்டான். புளியந்தோப்புக்கு அந்தப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தால் ஊர் தெரிந்திருக்கும். படுபாவி, கழுத்து என்ன சுளுக்கிக்கொண்டதா?

சரோஜா சொல்கிறாள், "நீ சொன்னதத்தான நைனா அவன் எழுதனான்." அதையும் எழுது என்றேன்.

ஆனி 6. திங்கள்.

புழுக்கம். சரோஜா இருட்டோடு நடந்தே போனாள். கால் வீக்கம்.

கர்ணம் கை விரித்துவிட்டார். "களத்துமேட்டுல ஆளு கீதுன்னு நான் பொய் எழுத முடியாது. நீயே சொல்லு, யாரு கீறாங்க அங்க?"

எழுந்து வந்துவிட்டேன். சொன்னதெல்லாம் போதும்.

ஆனி 7. செவ்வாய்.

நாலு கழி, பனை ஓலை, பாய், பானை, அடுப்புக் கல் மூன்று. களத்துமேட்டில் ரோட்டோரமாகக் குடிசை போட்டாயிற்று. போகிறவன் வருகிறவன் எல்லாம் பல்லைக் காட்டுகிறான். "இன்னா பெருசு, பொண்ணு தொரத்திடுச்சா?"

மாலையில் கர்ணம் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா கூத்து இது?"

"குடி வந்துகீறேன். எழுது."

"ஒத்த ஆளு குடும்பமா?"

"எம் பொண்ணும் கீறா. உலை கொதிக்குது பாரு. இப்ப எழுதினா பொய்யா?"

பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார். எழுதினார். "மேல போயி ஆர்டர் வர ஆறு மாசம் ஆவும்" என்று சைக்கிள் ஏறினார்.

ஆனி 9. வியாழன்.

காலை ஏழு மணி. குடிசை வாசலில் நானும் சரோஜாவும் கை காட்டினோம். பஸ் நிற்கவில்லை. கண்டக்டர் தலையை நீட்டி, "ஆர்டர் இல்ல பெருசு" என்றான்.

அவள் ஓடினாள். அரை மணி லேட். மேஸ்திரி கேட்டைத் திறந்துவிட்டானாம், இதுதான் கடைசி என்று.

ஆறு மாசம் அவள் கால் தாங்காது. அடுப்புக் கல் மூன்றையும் நடு ரோட்டுக்கு எடுத்துப் போட்டுவிட்டேன். நாளைக்கு உலை அங்கேதான். அதுவும் என் முக்கால் காணிதான்.