தொண்ணூறாவது நிமிடத் தட்டு

நம்முடைய கணினி மாடலை வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று எடுத்துக்கொண்டது, திங்கட்கிழமை அதை நம்பித் தோல் புற்றுநோய்ச் செல்களுக்கு மருந்து விடப் போகிறார்கள், கேட்டாயா?

நீ இருந்திருந்தால் இதை முதலில் உன்னிடம்தான் கத்திச் சொல்லியிருப்பேன். டெங்குவில் நீ போய் நான்கு மாதமாகிறது. நாம் அறிமுகமான இதே இணையக் குழுவில் உனக்கு எழுதுகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்றுக் காலை உன் அண்ணன் உங்கள் ஊர் லூபோக் சீனாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் குருபோங்கில் என் வீட்டுக்கு வந்தார். "அம்மா இத ஒங்கிட்ட குடுக்கச் சொன்னாங்கம்மா. எங்களுக்கு ஒண்ணும் புரியலலா" என்று உன் ஆய்வுக்கூட நோட்டை நீட்டினார். கிளம்பும்போது கேட் பக்கம் நின்று, "தங்கச்சி பேரு நீங்க ரெண்டு பேரும் எழுதுன கட்டுரையில வரும்தானே?" என்றார். "மொதப் பேரே அவதாண்ணே" என்றேன். அப்போது நான் நோட்டைத் திறந்திருக்கவில்லை.

திறந்ததும் ஸ்பிரிட் வாசனை. பக்கத்தின் ஓரத்தில் ரோஸ் கறை. செல்களுக்குச் சாப்பாடாக ஊற்றும் அந்த ரோஸ் திரவத்தின் படத்தைக் குழுவில் பார்த்து "ரோஸ் சிராப் தண்ணியா அது?" என்று நான் கேட்டதும், "ஆமா, ஐஸ் போட்டுத் தரேன், குடி" என்று நீ சொன்னதும்தான் நம் முதல் பேச்சு.

நீ முதுகலை மாணவி. நான் பத்து பெரண்டாமில் உள்ள ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர். புரோகிராமிங் முழுவதும் யூடியூபில் கற்றவள். தோல் செல்களுக்கு, வளரச் சொல்லும் சமிக்ஞை ஒன்றை நீ விடுவாய். உடனே செல்லுக்குள் ஒரு புரதம் விழித்துக்கொள்ளும். ஐந்து, முப்பது, அறுபது, தொண்ணூறு நிமிடம் என்று நேரத்துக்கு ஒரு தட்டு. அந்தந்த நேரத்தில் செல்களை அப்படியே நிறுத்தி, விழிப்பு எவ்வளவு என்று அளந்து எனக்கு அனுப்புவாய். அதற்குப் பொருந்துகிற சமன்பாடுகளை எழுதி, நீ அளக்காத நேரத்தில் என்ன நடக்கும் என்று நான் கணினியைச் சொல்ல வைப்பேன். அது சொன்னதை நீ மறுபடி தட்டில் சோதிப்பாய். சரியாக வந்த நாளில் நான் கேன்டீனில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன். லைன் லீடர் அக்கா முறைப்பார்.

"கணக்கு ஒன்னுது, செல்லு என்னுது. ரெண்டுக்கும் சண்ட வந்தா செல்லு பக்கம் நில்லு" என்பாய்.

நான் நிற்கவில்லை.

மாசி மகத்தன்று காலை செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துவிட்டு, மதியம் நேராக ஆய்வுக்கூடம் போனாய். அன்று வந்த அளவுகளில் விழிப்பு ஐந்தில் ஏறி, முப்பதில் இறங்கி, அறுபதில் அடங்கி, தொண்ணூறில் மறுபடியும் ஏறியிருந்தது. என் மாடல் வரைந்த கோடு அந்த இடத்தில் தரையோடு ஓடியது. விரதம், வெயில், வெறுங்கால் நடை, களைப்பில் தட்டை மாற்றி வைத்துவிட்டாய் என்று நானே முடிவு செய்தேன். கேட்டால் சங்கடப்படுவாய் என்று ஒரு சாக்கு வேறு. உன்னிடம் சொல்லாமல் அந்தப் புள்ளியை அழித்தேன். கோடு அழகாக உட்கார்ந்தது.

நான் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் போனில் உன் குரல் வந்தது. "ஏய், படத்துல என் தொண்ணூறு எங்கடி? பாலோட சேத்துக் கொட்டிட்டியா?"

"இருக்குலா. கோட்டுக்கு அடியில மறைஞ்சிருக்கும்."

"அப்படியா? சரி, நான்தான் கண்ணாடி மாத்தணும்போல."

நீ நம்பிவிட்டாய்.

நோட்டில், அதற்கடுத்த வாரங்களில் தொண்ணூறை மட்டும் இன்னும் இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறாய். இரண்டிலும் ஏற்றம். கீழே உன் கிறுக்கல்: "மூணு தடவையும் ஏறுது. செல்லு ரெண்டாவது தடவ முழிக்குது. அடுத்த வாரம் நேர்ல போய்ச் சொல்லி அவ மூஞ்சியப் பாக்கணும்." அடுத்த வாரம்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது.

தொண்ணூறில் செல் அடங்கிக் கிடக்கும் என்று என் மாடல் சொல்கிறது. அதை நம்பித்தான் அந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தார் மருந்துக்கு அந்த நேரத்தைக் குறித்திருக்கிறார்கள். தட்டில்தானே, மனித உடம்பில் இல்லையே என்று நூறு முறை சொல்லிக்கொண்டேன். ஆனால் தட்டில் சரி என்று ஆவதுதான் பிறகு உடம்புக்குப் போகிறது. உண்மையைச் சொன்னால் நம் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், உன் பெயரும் போகும். அண்ணனுக்கு என்ன சொல்வேன்?

இன்று உன் மூன்று தொண்ணூறுகளையும் கணக்கில் சேர்த்தேன். கோடு உடைந்துவிட்டது. புள்ளியை அழித்தது நான், அவள் அளந்தது சரி, திங்கட்கிழமை தொடங்காதீர்கள் என்று அவர்களுக்கு எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. போன் அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன். உன் மூன்று தட்டுகள் போதாது, வேறொருவரும் அளந்து காட்ட வேண்டும் என்பார்கள். என்னிடம் செல் இல்லை, தட்டு இல்லை. உன் நோட்டும் நான் சொன்ன பொய்யும்தான் இருக்கின்றன.

குழுவில் இதைப் படிக்கிறவர்களே, தோல் செல் வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கு யாரையாவது தெரிந்தால் இந்த மடலை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். அவள் செய்முறையை வரிக்கு வரி தட்டச்சு செய்து கீழே போட்டிருக்கிறேன். அந்தத் தொண்ணூறாவது நிமிடத்தை ஒரு முறை அளந்து சொல்லுங்கள். ஏறினாலும் அனுப்புங்கள், ஏறாவிட்டாலும் அனுப்புங்கள். வருகிற ஒன்றையும் அழிக்க மாட்டேன்.