வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லாதே

ஹாமெனே, தாஹா தீவு
நவம்பர் 4

அன்பு மகள் வைஹெரேவுக்கு அப்பா திஹோனி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அம்மா என்னைவிடச் சுகம், பன்றி இரண்டும் எங்கள் எல்லாரையும்விடச் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, சுகமில்லை என்று மூன்று பக்கத்துக்கு எழுதித் தீர்த்துவிட்டாய். போனில் சொல்லாமல் எழுதினாயே, அது நல்லது. போனில் என்றால் நான் கேலி பேசியே நேரத்தை ஓட்டியிருப்பேன், நீயும் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அப்புறம் தனியாக உட்கார்ந்து அழுவாய். அதனால் நானும் எழுதுகிறேன். எழுத்துப் பிழை பார்க்காதே, நான் பள்ளிக்கூடத்துக்குள் இருந்ததைவிட அதன் பின்னால் இருந்த மாமரத்தில் இருந்ததுதான் அதிகம்.

முதலில் ஊர்ச் செய்தி. வனிலாப் பூ ஓய்ந்துவிட்டது. இந்த வருஷம் வண்டு செய்யாத வேலையை நானே செய்து, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டுவைத்துக் கல்யாணம் முடித்ததில் என் கட்டைவிரல் நகமே தேய்ந்துபோயிற்று. உன் அம்மா மொயாத்தா தினமும் என்னைவிட இருநூறு பூ அதிகமாக முடித்துவிட்டு, கொடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்னய்யா, மாப்பிள்ளைய எழுப்பிக் கூட்டிட்டு வரப் போயிட்டியா?" என்று கேட்பாள். இப்போது காய் விரல் நீளத்துக்குத் தொங்குகிறது. பக்கத்து வீட்டு ஃபைமானோ புதுப் பல் கட்டிக்கொண்டாள், அதைக் காட்டவேண்டும் என்பதற்காகச் சாவு வீட்டில்கூடச் சிரித்த முகமாக நிற்கிறாள். மாம்பழம் வந்துவிட்டது. இதைப் படித்து எச்சில் ஊறினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உன் கடிதத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் சிரித்த சிரிப்பில் கோழி எல்லாம் வேலி தாண்டிப் போய்விட்டது. காலையில் டிராமில் ஏறி ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே கடைசிவரை போனாயாமே, டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்து ஒரு கிழவர் சீட்டை எடுத்து நீட்டினாராமே, நீயும் அதை வாங்கிப் பார்த்து நன்றி சொன்னாயாமே. என் மகள்தான், சந்தேகமில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தில் இடுப்பில் சுற்றுகிற உன் சிவப்புப் பரேயோவைப் போட்டு ஆறு பேருடைய வெள்ளைச் சட்டையைச் சிவப்பாக்கியதற்கு அம்மா வருத்தம் தெரிவிக்கிறாள், நான் தெரிவிக்கவில்லை, அந்த ஊருக்குக் கொஞ்சம் நிறம் வேண்டும். உன் லியோன் நகரத்தில் இரண்டு ஆறு ஓடுகிறது, ஒருவரும் இறங்கிக் குளிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நீயும் இறங்காதே. நீ எழுதிய குளிருக்கு நாங்கள் இங்கே போர்வையைத் தேடினோம்.

இரண்டாம் பக்கத்தில்தான் சிரிப்பு நின்றது. விடுதியில் கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, வழியில் போன ஒவ்வொருவரையும் "வாங்க, வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிட்டிருக்கிறாய். நாம் செய்கிறதுதானே. இங்கே அப்படிக் கூப்பிட்டால் போகிறவர் "வயிறு நெறஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே போவார், பட்டினியாகக் கிடந்தாலும் அப்படித்தான் சொல்வார், கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்காருவார். உன் ஆட்களோ கூப்பிட்ட உடனே வந்துவிட்டார்கள். நான் அனுப்பிய டின் மாட்டிறைச்சி, காய்ந்த வாழைப்பழம், அம்மா சுற்றிக் கட்டிய சேம்பு, மூன்று மாதத்துக்கு என்று அனுப்பியது ஒன்பது நாளில் தீர்ந்தது. பஸ்தியன் என்கிற பையன் மூன்று தட்டு சாப்பிட்டான் என்று எழுதியிருந்தாய். மூன்று தட்டா? அவன் மெலிந்த பையன் என்றும் நீயே எழுதியிருந்தாய். எங்கே வைத்தான்?

அப்புறம் மூன்றாம் பக்கம். இந்த ஊரில் என்னை ஒருத்தர்கூடச் சாப்பிட வா என்று கூப்பிட்டதில்லை அப்பா, கதவை மூடிக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறேன், தொண்டையில் இறங்கவில்லை, உதவித்தொகைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறைதான் விமான டிக்கெட் தருவார்கள், டிசம்பரா ஜூலையா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும், டிசம்பரில் வந்துவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டதாகி என் இடம் போய்விடும், போனால் போகட்டும், நீங்கள் "வா" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை நான் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. கண்ணாடியைக் காணோம் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி என் மூக்கில் இருந்தது.

பொய் சொல்லமாட்டேன் மகளே, "வா" என்று எழுதத்தான் அன்றைக்கே உட்கார்ந்தேன். ஆனால் நான் மெதுவாக வாசிக்கிறவன் என்று உனக்குத் தெரியும். அம்மா ஒரு தடவை, "யோவ், மீன்ல முள்ளெடுக்கற மாதிரி ஒவ்வொரு எழுத்தா எடுக்கறியே, கடுதாசி ஆறிப்போகப்போகுது" என்றாள். அப்படி எடுத்ததில்தான் ஒரு முள் மாட்டியது. இரண்டாம் பக்கம், கீழே, ஓரமாக இருந்தது. விடுதிக் காவல்கார அம்மா மதாம் பெரே உன்னிடம் "சூப் வச்சிருக்கேன், ஒரு கிண்ணம் குடிச்சுட்டுப் போ" என்றாராம், நீ "வயிறு நெறஞ்சிருக்கு மதாம்" என்றாயாம். அந்த மூன்று தட்டுப் பையன் "ஞாயித்துக்கிழமை எங்கம்மா வீட்டுக்குச் சாப்பிட வர்றியா?" என்றானாம், அவனுக்கும் அதே பதில், அதே நிறைந்த வயிறு. சும்மா மரியாதைக்குக் கேட்டார்கள், நானும் மரியாதையாகச் சொல்லிவிட்டேன் அப்பா, நீங்கள் வளர்த்த பிள்ளையாயிற்றே என்று பெருமை வேறு. அதற்கு எட்டு வரி தள்ளி, என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை என்று அழுகை!

அவர்கள் நிஜமாகவே கூப்பிட்டார்களா என்று எனக்கு நிச்சயமில்லாததால் கார்னியே வாத்தியாரிடம் போனேன். நீ கிளம்பிய மாதம் பிரான்ஸிலிருந்து நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். வந்த வாரம் நம் வாசல் வழியாகப் போனார், நான் வழக்கம்போல "வாங்க, சாப்பிடலாம்" என்றேன், மனிதர் நேராக உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து என் பங்குத் தேங்காய்ப்பால் மீனை முழுக்கச் சாப்பிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி நான் படகுத்துறையில் எல்லாரையும் சிரிக்கவைத்திருக்கிறேன். அவரிடம் உன் சங்கதியைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "திஹோனி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? போன மாசம் உங்க ரெண்டு பேரையும் புதன்கிழமை ஏழு மணிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கா? கோழி வச்சு, மேஜையில துணி விரிச்சு, எட்டரை வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றார். நான் அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? வயிறு நிறைந்திருக்கிறது என்றேன். புதன்கிழமை ஏழு மணிக்கு என் வயிறு எப்படி இருக்கும் என்று திங்கட்கிழமையே சொன்ன ஆள் நான் ஒருத்தன்தான். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக் கோழியை அடுப்பில் வைத்திருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர்களுக்குக் கூப்பிட்டால் கூப்பிட்டதுதான், கிழமையும் மணியும் சேர்த்துச் சொன்னால் அதுதான் அவர்கள் கையைப் பிடித்து இழுக்கிற விதம்.

சனிக்கிழமை நானும் அம்மாவும் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். ஏழு மணி என்றார், அம்மா ஆறரைக்கே என்னை வேலியோரம் நிறுத்திவைத்தாள். கோழியைத் திராட்சை ரசத்தில் மூழ்கடித்துக் கொன்றிருந்தார். அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "இன்னும் இருக்குதா வாத்தியாரே?" என்றாள். அந்த மனிதர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீ, தோட்டத்தில் முதல் பூ விரிந்த மாதிரி இருந்தது. பாவம், இந்த ஊருக்கு வந்து மூன்று மாதமாகிறது, அவர் வீட்டு மேஜையில் அன்றைக்குத்தான் மூன்று தட்டு. திரும்பி வரும்போது அம்மா, "அங்க ஒரு அம்மா சூப்பைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி வச்சிட்டிருப்பாளோ என்னவோ" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, மூன்றாம் பக்கத்தை அவள் என் சட்டைப்பையிலிருந்து எடுத்து எப்போதோ படித்துவிட்டாள் என்று.

ஆகவே இதைச் செய். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இதோடு ஒரு கைப்பிடி வைத்திருக்கிற, போன வருஷம் உலர்த்திய வனிலாக் காய்களில் இரண்டை எடுத்துக்கொண்டு கீழே போ, மதாம் பெரேயிடம் "பசிக்குது" என்று சொல். ஒரே வார்த்தைதான், கணக்குப் பரீட்சையைவிடச் சுலபம். பஸ்தியனிடம் எந்த ஞாயிறு, எத்தனை மணி என்று கேள். போகும்போது காதில் பூ வைத்துக்கொள், வலது காதில், ஆள் பார்த்தாயிற்று என்று சொல்கிற மாதிரி இடது காதில் வைத்து அந்தப் பையனை மூன்றாம் தட்டிலேயே நிறுத்திவிடாதே. அவன் அம்மா இன்னும் கொஞ்சம் என்றால் தட்டை நீட்டு.

டிக்கெட் உன் பெயரில் இருக்கிறது, மாதமும் நீயே எழுது. சூப்பும் ஞாயிற்றுக்கிழமையும் ஆன பிறகும் டிசம்பர் என்று தோன்றினால் டிசம்பர். படகுத்துறையில் மாலையோடு நிற்பேன், ஒரு கேள்வி கேட்கமாட்டேன், கேலி மட்டும் ஒரு பத்து வருஷத்துக்குச் செய்வேன். நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் அப்பா கல்நெஞ்சுக்காரன் என்பாய். வா மகளே, வந்து சாப்பிடு. ஆனால் இது நம் ஊர்க் கூப்பிடுதல். ஜூலை வரைக்கும் நீ "வயிறு நெறஞ்சிருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே போகலாம், நான் வருத்தப்படமாட்டேன். நான் நம்புகிற மாதிரி சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

கடவுள் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், உன் தட்டு ஒருநாளும் தனியாக இருக்கவேண்டாம். காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளச் சொல்லி அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டாள். சிவப்புத் துணியைத் தனியாகத் துவை.

உன் வயிறு நிறையாத அப்பா,
திஹோனி