கை தூக்கச் சொன்ன நாள்

நம் ஆய்வுக்கு நிதி ஒதுக்கிவிட்டார்கள். கல்வி உதவித்தொகை ஏழைப் பிள்ளைகளுக்கு ஏன் போய்ச் சேருவதில்லை என்று நாம் கேட்ட அதே ஆய்வு. கடிதத்தோடு ஒரு படிவமும் வந்திருக்கிறது. இணை ஆய்வாளர் மாற்றத்துக்குக் காரணம் எழுத அதில் விரற்கடை அளவு கட்டம். உன் பெயரைப் போட்டு ‘காலமானார்’ என்று எழுதினேன்.

முதல் தடவை நாம் செய்த கூத்து நினைவிருக்கிறதா? வகுப்பில் பேராசிரியரை வைத்துக்கொண்டே, உதவித்தொகை வாங்கியவர்கள் கை தூக்குங்கள் என்றேன். அத்தனை பேரும் தூக்கினார்கள். நிதி விண்ணப்பத்துக்கான முன்னோட்டக் கணக்கு நொடியில் முடிந்ததென்று எனக்கு ஒரே சந்தோஷம். நீ மட்டும் பிள்ளைகளின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பஸ் நிறுத்தத்தில் சிறுமலைப் பெண் ஒருத்தி, தான் விண்ணப்பிக்கவே இல்லை என்று உன்னிடம் சொன்னாள். வருமானச் சான்றிதழுக்காக அவள் அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி அலைந்திருக்கிறார். மூன்றாவது தடவை போகவில்லை.

“எல்லார் முன்னாடியும் எப்படி மிஸ் சொல்றது?” என்றாள்.

அந்தக் கணக்கை வைத்து நாம் நிரப்பிய விண்ணப்பத் தாள்களையெல்லாம் நீ கட்டி ஓரமாக வைத்துவிட்டாய். கடைசித் தேதிக்கு நான்கு நாள்தான் இருந்தது. “ஏப்பா, இதக் காட்டிப் பணம் வாங்குனா, அந்தப் பிள்ளையே இல்லைன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்” என்றாய். உன்னால் ஒரு வருடம் பாழ் என்று கத்தினேன். மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெருநாளுக்கு நீ கொடுத்துவிட்ட பிரியாணியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

அந்த வருடம் முழுக்க நீ மலைக்கு ஏறி இறங்கி, ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டாய். புது விண்ணப்பத்தில் நீ எழுதிய அந்தப் பகுதியைப் பாராட்டித்தான் இப்போது நிதி தந்திருக்கிறார்கள். நான் கத்தியது தப்பு. பணம் வரட்டும், அப்போது சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். விண்ணப்பம் போன நாலாம் மாதம் நீ போய்விட்டாய்.

நேற்று சாணார்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனேன். கை தூக்கச் சொன்னால் சீக்கிரம் முடியுமே என்றார் அங்கிருந்த ஆசிரியர். வேண்டாம் என்று சொல்லி, வராந்தாவில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கடைசிப் பெண் வாய் திறக்கவே செத்த நேரம் பிடித்தது. காத்திருந்தேன். அவள் பேசி முடிப்பதற்குள் ஐந்தரை மணி பஸ் போய்விட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன்னைத்தான் திட்டியிருப்பேன்.