நீ போட்டுவைத்த துண்டு

உன் வருஷத் திதிக்கு வந்துவிட்டு ஓசூர் திரும்ப, ஊத்தங்கரை பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்தார். உட்காரப் போனவரிடம், “ஆள் வருது” என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. போன வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நம் கம்பெனி சர்வரில் ஒரே வட்டு. அதில் லேபிள் அச்சுக்கு ஒன்று, கேமரா படங்களுக்கு ஒன்று என்று ஒன்பது கன்டெய்னர்கள், மென்பொருள்களுக்கான தனித்தனி அறைகள் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் இடம் என்று கோட்டா வைத்தவன் நீ. யார் கூடுதலாகக் கேட்டாலும் கையை விரிப்பாய். கஞ்சன் என்று உனக்குப் பட்டம் கட்டியதே நான்தான்.

காய்ச்சல் என்று ஊருக்குப் போனவன் நீ திரும்பவில்லை. கோட்டா என் கைக்கு வந்தது. தரப் பிரிவு மேடம், “ரெண்டே நாளு சார்” என்று கெஞ்சியதும் கேமரா கன்டெய்னரின் வரம்பை எடுத்துவிட்டேன். திரும்ப வைக்க மறந்தேன்.

வியாழன் காலை வட்டு நிரம்பி, லேபிள் அச்சு நின்றது. லேபிள் ஒட்டிய சரக்குக்காகக் கேட்டில் நான்கு லாரிகள் காத்திருந்தன. படங்களை அழிக்கவும் முடியாது, சரக்கின் தரத்துக்கு வாடிக்கையாளரிடம் காட்டவேண்டிய சாட்சி அவை. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, “இன்னும் எஷ்டொத்துப்பா?” என்று கன்னடம் கலந்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

ஒவ்வொரு கன்டெய்னராக அளவு பார்த்தேன். நீ சோதனைக்கு வைத்திருந்த, நான் அழிக்க மனமில்லாமல் விட்டிருந்த கன்டெய்னர் இருபது ஜிபி பிடித்திருந்தது. உள்ளே ஒரே கோப்பு. பெயர் ‘துண்டு’. திறந்தால் வெறும் பூஜ்யங்கள்.

டீக்கடையில் நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. “காலியா வுட்டா எவனாச்சும் வந்து குந்திக்குவான்டா. அவசரத்துக்கு நமக்குன்னு ஒரு எடம் வோணும்.” அன்று நான் சிரித்தேன்.

அந்தக் கோப்பை அழித்தேன். லேபிள் ஓடத் தொடங்கியது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். அந்த சர்வரில் உன்னுடையது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

படங்களைப் புது வட்டுக்கு மாற்றி, வரம்பைத் திரும்ப வைத்தேன். உன் கன்டெய்னரில் மறுபடி இருபது ஜிபி பூஜ்யங்கள், அதே பெயரில். ஆனாலும் பயம் விடவில்லை. இந்தப் பேருந்தில்கூட ஐந்து நிமிடத்துக்கொருமுறை கைபேசியில் அளவு பார்க்கிறேன். நாளைக்கு நானும் திடீரென்று இல்லாமல் போனால் என்று தோன்றவே, அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரரை இப்போது போனில் அழைத்து அந்தக் கோப்பைப் பற்றிச் சொன்னேன்.

“யாருக்கு சார் அந்த எடம்?” என்று கேட்டார்.

“ஆள் வருது” என்றேன்.